எடை குறைந்த கதவு

பின்கட்டில் ஒற்றை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுப்பின் மேல் காது உடைந்த இரும்புச் சட்டி, சட்டிக்குள் ஈயம். மேலே படிந்த கசடைக் கரண்டியால் ஒதுக்கினால் கீழே முகம் பார்க்கலாம். பூதம் அடிக்கடி ஒதுக்கிப் பார்த்துக்கொண்டார்.

பூதம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்த காலத்தில் எரிந்த குடோனுக்கும் மோதின லாரிக்கும் பூதக்கண்ணாடியோடு போய் நிற்பார். கூட வேலை பார்த்தவர்கள் முதலில் பூதக்கண்ணாடி என்றார்கள். சொல்லச் சொல்லக் கண்ணாடி கழன்று விழுந்துவிட்டது. வேலையை விட்டுச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்த பிறகும் பூதம் பூதமாகவே இருந்தார். ஆபீஸ் என்றால் வீட்டின் முன்னறை. உதவியாளர் என்றால் மனைவியின் தம்பி.

அந்த மைத்துனன் இப்போது இடுக்கி மாதிரி இருந்த அச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். பூதம் ஊற்றுவார். அவன் அச்சைத் திறந்து தட்டுவான். இடுப்பு சிறுத்து, அடி விரிந்த குட்டி ஈயக் குண்டு பழைய துண்டின் மேல் விழும். ஏர் ரைஃபிளில் போட்டுச் சுடுகிற குண்டு. கடையில் டப்பா டப்பாவாகக் கிடைக்கிறதுதான். பூதத்துக்குக் கடைக்குண்டு ஆகாது.

"உலகத்துல எல்லாரும் வாங்கிச் சுடறான் அத்தான். நாம மட்டும்தான் சமைச்சுச் சுடறோம்."

"கடைக்குண்டு ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது மாப்ளே."

"நீங்களும் நானும்கூடத்தான் ஒண்ணு மாதிரி இல்ல. குடும்பம் ஓடலையா?"

பூதம் உருக்காமல் மிச்சம் இருந்த தகட்டுத் துண்டை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். வெண்ணெயில் பதிகிற மாதிரி பதிந்தது. அவர் முகத்தில் ஒரு நிறைவு வந்தது.

"நகம் பதியணும். பேட்டரி ஈயத்துல பதியாது. கார் சக்கரத்துல பேலன்ஸுக்கு அடிக்கிறதுலயும் பதியாது. அதெல்லாம் கெட்டி. துப்பாக்கிக் குழாய்க்குள்ள இருக்கற வரியைக் கவ்வாது. கவ்வலேன்னா குண்டு சுத்தாது. சுத்தலேன்னா குறி போச்சு."

"இதை நான் தூக்கத்துல சொல்றேனாம். அக்கா கேட்டுச்சாம்."

அக்காவின் குரல் சமையலறை ஜன்னல் வழியாக வந்தது. "அங்க என்ன பசை கருகற நாத்தம்? ஈயத்தை உருக்கறீங்களா, செருப்பை உருக்கறீங்களா?"

"ஈயம்னா கொஞ்சம் வாசனை வரத்தான் செய்யும்," என்றார் பூதம், திரும்பாமல்.

பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்மணி வந்தாள். நாற்பது வயது இருக்கும். மருத்துவமனைக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தாள். மணி அடித்துப் பார்த்து யாரும் வரவில்லை என்றாள். பூதம் அடுப்பை அணைத்தார்.

இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள். மார்பில் ஒரு சின்ன பேட்ஜ் குத்திக்கொள்வாளாம். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது சொல்லும். அவ்வப்போது அனுப்பிச் சோதிப்பார்கள். போன தடவை அளவுக்கு மேல் என்று வந்தது. இந்தத் தடவை அதற்கும் மேல்.

"முதலாளி நம்பல சார். நான் வேணும்னே பேட்ஜை மெஷின் ரூமுக்குள்ள தொங்க விட்டேன்னு சொல்றார். லீவு எடுக்கறதுக்காம். 'கவனக்குறைவா இருந்தேன், வேலையை விட்டுப் போறேன்'னு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம்."

"எழுதினா?"

"அப்படி எழுதிக் குடுத்தவளை வேற எந்த சென்டரும் சேர்க்காது. எனக்கு வேற வேலை தெரியாது. அதைவிட..." அவள் கோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "பேட்ஜ்ல வந்தது என் உடம்புலயும் வந்திருக்கும்ல சார். அது எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சாகணும்."

மைத்துனன் அச்சைக் கீழே வைத்தான். வழக்கமாக அந்த இடத்தில் ஒரு ஜோக் சொல்வான். சொல்லவில்லை.

ஸ்கேன் சென்டரில் மதியம் கூட்டம் இல்லை. எக்ஸ்ரே அறை நடைக்கூடத்தின் கடைசியில் இருந்தது. நோயாளி உள்ளே. அவள் வெளியே, மூடின கதவை ஒட்டிப் போட்ட மேஜையில். பட்டனை அழுத்துவதும் அங்கிருந்துதான். மெஷினுக்கும் அவளுக்கும் நடுவில் கதவுதான் காவல். உள்ளே ஈயத் தகடு வைத்துச் செய்த கதவு அது.

முதலாளி கூடவே வந்தார். நரை மீசை, இஸ்திரி கலையாத சட்டை. "பாருங்க, நல்லாப் பாருங்க. கதவு புதுசு மாதிரி இருக்கு. தண்ணி பட்டு அடிப்பக்கம் ஊதிப்போச்சுன்னு தச்சரை விட்டு மேல ஒட்டின பலகையை மாத்தினேன். நான் செலவுக்கு அஞ்சறவன் இல்ல."

பூதம் கதவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். கால்சட்டையைச் சற்று மேலே இழுத்துக்கொண்டு முழங்காலிட்டார்.

கதவு திறக்கும் வழியில் தரையில் பிறை போல ஒரு கீறல். வருஷக்கணக்காக உராய்ந்து உராய்ந்து விழுந்தது. அழுக்கு ஏறிக் கறுத்திருந்தது. பூதம் கதவைத் திறந்து மூடினார். கதவின் அடி கீறலைத் தொடவே இல்லை. நடுவில் அவருடைய விசிட்டிங் கார்டு மடித்துப் போட்டாலும் நுழைந்தது.

"இந்தக் கதவு முன்னால தரையைத் தேய்ச்சிருக்கு. கனம் தாங்காம தொங்கியிருக்கு. இப்ப தொங்கல."

"கதவு டயட்ல இருக்கு அத்தான்," என்றான் மைத்துனன்.

"தச்சர் அடியைச் சீவியிருப்பார்," என்றார் முதலாளி.

பூதம் எழுந்து நாற்காலி போட்டு ஏறினார். "சீவினா அடியில மட்டும்தான் சந்து விழும். மேல பாருங்க. நிலையில கதவு படாம இருந்த இடம் வரைக்கும் பழைய தூசு கோடு போட்டிருக்கு. இப்ப கதவு அந்தக் கோட்டுக்கு மேல ஏறி நிக்குது. கதவு மொத்தமா எழும்பியிருக்கு. கீல் மாத்தினீங்களா?"

"இல்ல. அதே கீல்."

பூதம் இறங்கி ஒற்றை விரலால் கதவைத் தள்ளினார். அது காற்றில் போகிற மாதிரி போய்ச் சுவரில் மோதியது.

முதலாளிக்கு முகம் கறுத்தது. ஆனாலும் மனுஷன் லேசில் ஒப்புக்கொள்கிறவர் இல்லை. "இதெல்லாம் அனுமானம். கதவை உடைச்சுப் பார்க்கணும்பீங்க. உடைச்ச பிறகு ஈயம் இருந்துச்சுன்னா?"

அதுவரை பேசாமல் நின்ற எக்ஸ்ரேக்காரம்மா சொன்னாள்: "உடைக்க வேண்டாம். ஒரு சாவிக்கொத்து குடுங்க."

மைத்துனன் தன்னுடையதைக் கொடுத்தான். மீன் வடிவத்தில் பாட்டில் திறப்பான் ஒன்று அதில் தொங்கியது. அவள் மெஷினின் தலையைக் கதவுப் பக்கம் திருப்பினாள். கதவை மூடினாள். வெளிப்பக்கம் சாவிக்கொத்தை டேப் போட்டு ஒட்டி, அதன் மேல் எக்ஸ்ரே படம் பதிகிற பலகையைச் சாய்த்து நிறுத்தினாள். எல்லோரையும் நடைக்கூடம் திரும்புகிற இடத்தில் இருந்த தடித்த சுவருக்குப் பின்னால் போகச் சொன்னாள். கைச்சுவிட்சை ஒயரோடு இழுத்துக்கொண்டு தானும் வந்தாள். அழுத்தினாள்.

படம் கம்ப்யூட்டரில் வந்தது. கதவு மூடித்தான் இருந்தது. படத்தில் சாவிகள் பல் பல்லாகத் தெரிந்தன. மீன் செதிலோடு தெரிந்தது.

"என் சாவி இவ்வளவு லட்சணமா இருக்கும்னு எனக்கே தெரியாது," என்றான் மைத்துனன்.

எக்ஸ்ரேக்காரம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சாவிகள் இருந்த இடத்தில்தான் தினமும் அவள் உட்காருவாள்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். பூதம் எதிர்பார்த்தது மன்னிப்பு. வந்தது வேறு.

"தச்சர் வேலை பார்த்த அன்னைக்கு யாரு கூட இருந்தது?"

"நான்தான் சார்," என்றாள் அவள்.

"கட்டடத்துச் சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

"என்கிட்டதான்."

"அப்ப ஈயம் நடந்து போச்சா? நீதான் தச்சரோட சேர்ந்து வித்திருக்கே. பேட்ஜ் காட்டிக் குடுத்திருச்சு. அதான் முந்திக்கிட்டு ஆளைக் கூட்டிட்டு வந்துட்டே."

"கழட்டி வித்துட்டு அதுக்குப் பின்னாலேயே தினமும் நிப்பேனா சார்?"

"அதை போலீஸ்ல சொல்லு. சாயங்காலம் புகார் எழுதிக் குடுக்கப் போறேன். இப்ப வேலை மட்டும் இல்ல போகப்போறது."

பூதத்துக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவருக்கு வாக்குக் கொடுக்கிற வியாதி உண்டு.

"சாயங்காலத்துக்குள்ள அந்த ஈயத்தை எடுத்தவன், வித்தவன், வாங்கினவன் மூணு பேரையும் உங்க மேஜைக்கு முன்னால நிறுத்தறேன். அதுவரைக்கும் இந்தம்மாவை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

வெளியே வந்ததும் மைத்துனன் சொன்னான்: "மூணு பேரையும்னு ஏன் அத்தான் அடிச்சு விட்டீங்க? ஒருத்தன் கிடைச்சாலே நமக்கு அதிகம்."

"வாங்கினவன்தான் முக்கியம் மாப்ளே. கேக்கறவன் இருக்கறதாலதான் திருடறவன் இருக்கான்."

நன்றாகச் சொன்னோம் என்று அவருக்கே தோன்றியது.

தச்சர் பட்டறையில் மரத்தூள் கணுக்கால் வரை கிடந்தது. தச்சர் காதில் பென்சிலோடு ஒரு பீரோ கதவுக்குப் பலகை ஒட்டிக்கொண்டிருந்தார். ஸ்கேன் சென்டர் என்றதும் சுறுசுறுப்பாகிவிட்டார். நல்ல வேலை சார், அருமையான கதவு சார், உள்ளே இருந்ததை இருந்தபடியே வைத்துத்தான் மூடினேன் சார்.

பூதம் பேச விட்டார். கண் மட்டும் பட்டறையைச் சுற்றியது. ஒட்டின பலகை எழும்பாமல் இருக்க அதன் மேல் கனம் ஏற்றியிருந்தார்கள். ஒரு செங்கல், ஒரு பெயின்ட் டப்பா, அப்புறம் சாம்பல் நிறத்தில் சுருட்டின ஒரு தகடு.

பூதம் போய் அந்தச் சுருளில் நகத்தை வைத்து அழுத்தினார். பதிந்தது.

தச்சர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தார். எதற்கு எடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"கனத்துக்காக வச்சிருக்காங்கன்னு நினைச்சேன் சார்."

"வாசல்ல எக்ஸ்ரேன்னு எழுதியிருக்கே."

"எழுதியிருந்துச்சு." தச்சர் தரையைப் பார்த்தார். "பழைய இரும்புக்கடைக்காரர் எங்க ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தார். தகடா இருக்கணும், நகம் வச்சாப் பதியணும், அந்த மாதிரி ஈயம் எங்க கழிச்சுக் கட்டினாலும் என்கிட்ட கொண்டா, ஒரு ஆள் ஓயாம கேக்கறார்னு. பலகையைப் பிரிச்சேன். உள்ள அதே ஈயம். புத்தி போயிடுச்சு. அந்தம்மா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் கழட்டினேன். அவங்க டீ வாங்கிக் குடுத்ததோட சரி, எதுவும் தெரியாது."

"இதை முதலாளி முன்னால சொல்லணும்."

"சொல்றேன். ஆனா கடைக்காரரும் வரணும். அவர் கேட்டுத்தான் எடுத்தேன். நான் மட்டும் திருடன்னு போய் நிக்க மாட்டேன்."

பழைய இரும்புக்கடைக்கு நடக்கும்போது பூதம் உற்சாகத்தில் இருந்தார். கேஸ் கைக்கு வந்துவிட்டது. நகம் பதியணும் என்று கேட்கிறவன் சும்மா ஆள் இல்லை. குண்டு வார்க்கிறவன். அதுவும் நேர்த்தியாக வார்க்கிறவன். அவர் போய்ச் சுடுகிற துப்பாக்கி கிளப்பில் அப்படி எத்தனை பேர்?

"அந்தப் பல் டாக்டர்," என்றார். "போன மாசம் என்னைத் தோக்கடிச்சானே, அவன்தான். கேட்டா கடைக்குண்டும்பான். கடைக்குண்டுல அப்படி விழாது மாப்ளே. எனக்கு அப்பவே ஒரு இது. அவன் கிளினிக்லயும் எக்ஸ்ரே மெஷின் இருக்கு. எக்ஸ்ரே கதவுல ஈயம் இருக்கும்னு அவனுக்குத் தெரியும். பொருந்துதா?"

மைத்துனன் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

"பொருந்துதான்னு கேட்டேன்."

"பொருந்துது அத்தான்."

"என்ன, பேச்சையே காணோம்?"

"தொண்டை சரியில்ல."

பூதம் பல் டாக்டரை முதலாளி முன்னால் எப்படி நிறுத்துவது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தார். கேள்விகளை வரிசைப்படுத்தினார். கடைசிக் கேள்வியை அவன் கண்ணைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

இரும்புக்கடைக்காரர் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருந்தார். மைத்துனனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க தம்பி வாங்க. நேத்தே எதிர்பார்த்தேன். உங்க அத்தானுக்கு இன்னும் ஒரு சுருள் எடுத்து வச்சிருக்கேன். உருக்கும்போது பசை நாத்தம் அடிக்குதுன்னு சொன்னீங்கல்ல, இந்தத் தடவை நானே சுரண்டி வச்சுட்டேன். பலகையோட தோல்கூட ஒட்டியிருந்துச்சு, அதையும் எடுத்துட்டேன்." பிறகுதான் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். "சார்தானா அது? நல்ல ரசனை சார் உங்களுக்கு. மத்தவங்க எதைக் குடுத்தாலும் வாங்கிட்டுப் போயிடுவாங்க."

பூதம் மைத்துனனைத் திரும்பிப் பார்த்தார்.

ஈயம் நாறாது. சுத்த ஈயத்தை உருக்கினால் எந்த வாசனையும் வராது. அது அவருக்குத் தெரியும். யார் கேட்டாலும் சொல்லியிருப்பார். போன வாரம் அந்தத் தகட்டிலிருந்து மஞ்சள் பசையைக் கத்தியால் சுரண்டினவர் அவர். மரநாரைப் பிய்த்துப் போட்டவர் அவர். இன்னொருத்தர் வீட்டில் மரத்தோல் ஒட்டின ஈயத்தகட்டைப் பார்த்திருந்தால், இது ஏதோ கதவிலிருந்து வந்தது என்று நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லியிருப்பார். சொந்தச் சட்டிக்குள் விழுந்ததை அவர் பார்க்கவே இல்லை. நகம் பதிகிறதா என்று மட்டும் பார்த்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"தச்சர் நகம்னு சொன்னப்பவே, அத்தான். நீங்க சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம நான்தான் இவர்கிட்ட சொல்லி வச்சேன். நீங்க பல் டாக்டரைப் பிடிச்சுட்டீங்க. அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. சொல்ல வாய் வரல."

கடைக்காரருக்கு விஷயம் முழுக்கச் சொல்லவேண்டியிருந்தது. அவர் வெள்ளரிக்காயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அந்த ஒரு சுருள் போக மிச்சத் தகடெல்லாம் மீன்வலைக் குண்டுக்குப் போய்விட்டது என்றார். வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

"வரேன் சார். எனக்கும் பொம்பளைப் பிள்ளைங்க இருக்கு. ஆனா அங்க 'யாருக்காகக் கேட்டே'ன்னு கேப்பாங்க. கைகாட்டறதுக்கு ஆள் பக்கத்துல நிக்கணும். இல்லேன்னா நானும் தச்சரும் சேர்ந்து கதை கட்டறோம்பாங்க."

தச்சருக்குக் கடைக்காரர் வேண்டும். கடைக்காரருக்கு வாங்கினவன் வேண்டும். பூதம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்தத் தொழிலில் இனி யார் வீட்டுப் படி ஏறுவது?

மைத்துனன் மெதுவாகச் சொன்னான்: "நான்னு சொல்லிடறேன் அத்தான். பொய் இல்ல. வாங்கிட்டுப் போனது நான்தானே? துப்பாக்கியும் எனக்குன்னு சொல்லிக்கலாம். உங்க பேர் எதுக்கு நடுவுல? உங்க பேர்லதான் நம்ம ரெண்டு பேர் சாப்பாடும் இருக்கு."

வேண்டாம் என்று சொல்ல பூதம் வாய் திறந்தார்.

"பார்த்துச் சொல்லு," என்றார்.

அதைச் சொன்னது தான்தான் என்று நம்ப அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று. மைத்துனன் தலையாட்டிவிட்டு முன்னால் நடந்தான்.

முதலாளியின் அறை சின்னது. ஆறு பேர் நிற்க இடம் போதவில்லை. எக்ஸ்ரேக்காரம்மா ஜன்னலோரம் நின்றாள். மேஜையில் வெள்ளைத்தாளும் பேனாவும் தயாராக இருந்தன.

தச்சர் சொன்னார். தலை நிமிராமல், ஆனால் விடாமல் சொன்னார். கடைக்காரர் சொன்னார். முதலாளி ஒவ்வொருவரையும் குறுக்குக் கேள்வி கேட்டார். பிறகு மைத்துனன் ஓர் அடி முன்னால் வந்தான்.

"நான்தான் சார் கேட்டு வாங்கினது. ஏர் ரைஃபிளுக்குக் குண்டு வார்க்கறதுக்காக. கதவுலேர்ந்து வந்ததுன்னு தெரியாது. இந்த அக்காவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். அவர் கண்கள் இவனிடமிருந்து அவளிடம் போயின, அவளிடமிருந்து இவனிடம் வந்தன.

"அக்காவா? மதியம் இவ கூட்டிட்டு வந்த ஆளு நீ. என் கதவு ஈயத்தை வாங்கினவனும் நீயே. இவ எடுத்துக் குடுக்க, நீ வாங்க, நடுவுல ரெண்டு பேர் சாட்சி. இதை நான் நம்பணும். தச்சருக்கு உள்ள ஈயம் இருக்குன்னு யாரும்மா சொன்னது? நீ சொல்லாம அவருக்கு எப்படித் தெரியும்?"

"நான் யாருக்கும் சொல்லல," என்றாள் அவள். குரல் உடைந்துவிட்டது. காலையிலிருந்து முதல் தடவையாக.

முதலாளி போனை எடுத்தார்.

"போனை வைங்க," என்றார் பூதம்.

எல்லோரும் திரும்பினார்கள். மைத்துனன் வேண்டாம் என்று கண்ணால் சொன்னான்.

"இவன் பொய் சொல்றான். எனக்காகச் சொல்றான். சொல்லச் சொன்னதும் ஒரு வகையில நான்தான். இவனுக்குத் துப்பாக்கி பிடிக்கவே தெரியாது. குண்டு வார்க்கறது நான். மெல்லிசா, நகம் பதியற ஈயம்தான் வேணும், வேறெதுவும் ஆகாதுன்னு இவனை விரட்டி விரட்டித் தேட வச்சது நான். அதனாலதான் கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லி வச்சார். அதனாலதான் தச்சர் கை நீட்டினார். பலகைத் தோலையும் பசையையும் நானே என் கையால சுரண்டினேன். எங்கேர்ந்து வந்ததுன்னு ஒரு தடவைகூடக் கேக்கல. இந்தம்மா இன்னைக்கு என் வீட்டுக்கு வந்தப்ப உங்க கதவு என் அடுப்புல கொதிச்சுட்டு இருந்துச்சு."

முதலாளி சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மூணு பேரையும் நிறுத்தறேன்னு சொன்னீங்க. வாக்குத் தவறாத மனுஷன்தான்யா நீங்க."

அந்தச் சிரிப்பில்தான் அவர் நம்பிவிட்டது தெரிந்தது. அப்படி ஒரு கேவலத்தை யாரும் இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்திருப்பார். போனைக் கீழே வைத்தார். வெள்ளைத்தாளைப் பூதத்தின் பக்கம் தள்ளினார். "எழுதிக் குடுங்க. இவமேல தப்பு இல்லேன்னு நான் சொல்லணும்னா உங்க கையெழுத்து என்கிட்ட இருக்கணும்."

பூதம் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். மற்றவர்களுடைய தவறுகளைப் பற்றி எத்தனையோ அறிக்கை எழுதிய கை. இன்று பேனா ஓட மறுத்தது. 'நான்' என்று எழுதிவிட்டு நிறுத்தினார்.

எக்ஸ்ரேக்காரம்மா மேஜையருகே வந்தாள். முதலாளியிடம் சொன்னாள்: "மெஷினோட மெயினை அணைச்சுட்டேன் சார். கதவுல ஈயம் வச்சு, நான் சாவியை ஒட்டிப் பார்க்கற வரைக்கும் யாரும் போடக் கூடாது. ரத்தப் பரிசோதனைக்கு நாளைக்குப் போறேன். அது சென்டர் செலவு."

முதலாளி சரி என்றார். வேறு வழி இல்லை.

பிறகு அவள் பூதத்தின் எதிரே வந்து நின்றாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் முகத்தில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டாள்.

"நல்லாப் போச்சா சார்?"

"எது?"

"அந்தக் குண்டு. குறி தவறாம போச்சா?"

பூதம் பேனாவைப் பார்த்தார். கிளப்பில் இதே கேள்விக்கு அவர் அரை மணி நேரம் பதில் சொல்வார். மைத்துனன் அவர் சார்பில் ஏதாவது சொல்லிவிடப் பார்த்தான். பூதம் கையைத் தூக்கித் தடுத்தார்.

"கடைக்குண்டு எப்படிப் போகுமோ அப்படித்தாம்மா போச்சு. ரெண்டையும் மாத்தி மாத்திச் சுட்டுப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்ல. யாருக்கும் தெரியாம அந்தக் குறி அட்டையைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

மைத்துனன் மெல்லத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். அச்சைப் பிடித்துப் பிடித்து அவன் விரல்களில் சூட்டுக் காயம் ஆறாமல் கிடந்தது.

அவள் தாளைக் குனிந்து பார்த்தாள். 'நான்' என்ற ஒற்றைச் சொல்தான் அதில் இருந்தது.

"அதையும் எழுதுங்க," என்றாள்.

பூதம் அதையும் எழுதினார்.